நான்காம் எண் பேட்டரி காருக்கு வைத்த பொட்டு

நான்காம் எண் பேட்டரி கார் நின்றுபோய் ஒன்பது நாளாகிறது. அதனால் எங்கள் ஜங்ஷனின் இரண்டாம் நடைமேடை தினமும் அரைக் கிலோமீட்டர் நீண்டுகொண்டிருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முட்டிவலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு வண்டி போய்வந்தால் நடைமேடை அடங்கிக் கிடக்கும். வண்டி நின்றால் அதற்குக் கொண்டாட்டம். சென்னை ரயிலின் கடைசிப் பெட்டி இப்போது பக்கத்து மாவட்டத்தில் நின்றது. கார்டு அங்கிருந்து பச்சைக் கொடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் காலை தேவசகாயம் சார் எனக்குப் போன் செய்தார். அவர் பேட்டரி கார் பிரிவின் அதிகாரி. நான் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் நான் மாற்றிய பியூஸ்களை வைத்து இலங்கைக்குப் பாலம் கட்டலாம். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரோடு.

"ஆவுடையப்பன், டெஸ்ட் லேம்பைத் தூக்கிட்டு வாரும். இன்னைக்கு அஞ்சு மணியோட ஒம்பது நாள் முடியுது."

"யார் பேரு சார் இருக்கு?"

"செண்பகவல்லி."

போனை வைத்தேன். செண்பகவல்லி அந்த வண்டியின் டிரைவர். கையிலிருந்த காபி அப்போதே ஆறி, ஆடை கட்டி, ஆடையில் சுருக்கமும் விழுந்துவிட்டது.

விதி எளிமையானது. ஒன்பது நாளில் பழுது சரியாகாவிட்டால், பதிவேட்டின்படி வண்டியைக் கடைசியாகத் தொட்டவர்தான் பொறுப்பு. பழுது ஒருவரின் கைவேலை என்று தெரிந்தால் அவர்தான் பொறுப்பு. பொறுப்பானவர், ஸ்டேஷனில் எந்தப் பொருள் பற்றாக்குறையோ அந்தப் பொருளாக மாறிவிட வேண்டும். போன வருஷம் எடை பார்க்கும் இயந்திரம் இல்லாமல் பயணிகள் சிரமப்பட்டார்கள். டிரைவர் மாடசாமி இப்போது இரண்டாம் நடைமேடையில், புத்தகக் கடைக்குப் பக்கத்தில், சிவப்பும் மஞ்சளுமாகப் பல்பு எரிய நிற்கிறான். எடை சுத்தமாக இருக்கும்.

இந்த வருஷம் பற்றாக்குறை, ஐந்தாம் எண் பேட்டரி கார்.

பதிவேட்டின் கடைசி வரி ஆயுத பூஜை அன்று எழுதியது. 'நான்காம் எண் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர்: செண்பகவல்லி.' அன்றைக்குச் செண்பகவல்லி ஊரிலேயே இல்லை. வைத்தவன் நான். எழுதியவனும் நான்.

காரணம் பொரி.

ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். என் கைராசி அப்படி. நான் பொட்டு வைத்த ஒரு மின்விசிறி, ஸ்விட்சை அணைத்த பிறகும் இரண்டு மாதம் சுற்றியது. ஒரு வண்டிக்குப் பொட்டு வைத்தவர் பதிவேட்டில் பெயரெழுதிவிட்டு ஒரு பொரி பாக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பொரி, பொட்டுக்கடலை, அச்சுவெல்லம், தேங்காய்ச் சில்லு. இருநூறு கிராம். ஆளுக்கு ஒன்றுதான். என் பாக்கெட்டை வீட்டு வாசலிலேயே கோமதி பிடுங்கிக்கொள்வாள். கோமதி என் மனைவி. எனக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது. ஆகவே டவுன் பஸ்ஸில் தின்றுகொண்டே போக எனக்கு இன்னொரு பாக்கெட் தேவைப்பட்டது. அதற்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டது.

பொட்டு வைப்பதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஸ்டியரிங், விளக்கு, சக்கரம், ஒவ்வொரு நட்டு. ஒரு வண்டிக்கு நாலாயிரத்துக்குக் குறையாது. அன்றைக்குச் சீட்டையும் தூக்கினேன். கீழே சாலினாய்டு தெரிந்தது. டம்ளர் அளவு சுவிட்ச் அது. பெடலை மிதித்தால் உள்ளே ஒரு செம்புத் தகடு 'டக்' என்று போய் உட்காரும். உட்கார்ந்தால் பேட்டரியின் கரண்டு மோட்டாருக்குப் பாயும். ஊருக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு உள்ளே கிடக்கும் அந்தத் தகட்டை மட்டும் விட்டுவிட்டால் அதன் மனசு என்ன பாடுபடும்? மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒரு பொட்டு வைத்தேன். கெட்டிச் சந்தனம். காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். ஓட்டின் வழியாகக் கரண்டு போகாது. இது எனக்கு முப்பத்தாறு வருஷமாகத் தெரியும்.

ஜங்ஷன் வாசலில் புதிதாக ஒரு கவுண்டர் முளைத்திருந்தது. உள்ளே இருந்தவர் என் கையை நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

"ஓய்வூதியரா?"

"ஆமா."

"உயிரோட இருக்கதுக்குச் சான்று?"

நவம்பர்தோறும் வாங்குகிற சான்றிதழைக் கொடுத்தேன்.

"இது போன நவம்பர்ல நீரு உயிரோட இருந்ததுக்கு. இப்போ?"

"இப்பவும் இருக்கேன்லா."

"அது உம்ம அபிப்பிராயம்."

ஒரு படிவம் கொடுத்தார். முதல் கேள்வி, பெயர். இரண்டாவது, வந்த காரியம். மூன்றாவது, 'மனதை உறுத்தும் விஷயம் ஏதேனும் உண்டா? உயிரோடு இருப்பவர்கள் மட்டும் நிரப்பவும்.'

மூன்றாவதை நிரப்பாமல் கொடுத்தேன். அவர் 'உயிர் இல்லை' என்று முத்திரை குத்தி உள்ளே விட்டார்.

நடைமேடையில் எடை இயந்திரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வேகமாகத் தாண்டப் பார்த்தேன். தரை மெதுவாகச் சரிந்து என்னை அதன் பலகைமேல் ஏற்றிவிட்டது. பல்புகள் சுற்றின. காசு போடாமலே அட்டை விழுந்தது.

'எடை 68 கிலோ. அதில் பொரி 400 கிராம்.'

நானூறு சரிதான். போன வருஷம் ஒரு பாக்கெட், இந்த வருஷம் ஒரு பாக்கெட். போன வருஷம் மாடசாமி பெயரை எழுதியிருந்தேன். போன வருஷமும் சாலினாய்டுக்குள் பொட்டு வைத்திருந்தேன். பிறகு மழைக்காலத்தில் அது தானாக ஊறி உதிர்ந்தது. வண்டி ஓடத் தொடங்கியது. மாடசாமி மட்டும் திரும்பவில்லை.

தெரிந்துகொண்டே இந்த வருஷமும் வைத்தாயா என்று கேட்பீர்கள். போன வருஷம் நடந்தது தற்செயல் என்று முடிவு செய்திருந்தேன். முடிவு செய்வதில் நான் கெட்டிக்காரன்.

மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து அவன்மேல் ஏறி எடை பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் எடை குறைந்துகொண்டே வருகிறது. அவன் அதை அச்சடித்துக் கொடுக்கிறான்.

அட்டையைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தேன்.

நான்காம் எண் வண்டி ஆரஞ்சு ஜூஸ் கடைக்கு எதிரே நின்றது. செண்பகவல்லி சேலைக்குமேல் காக்கிக் கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் ஒரு பயணி இருந்தார். ஒன்பது நாளாக அங்கேயே இருக்கிறாராம். அவர் தாடியில் ஒரு குருவி வீடு கட்டி முடித்து, பால் காய்ச்சிவிட்டது.

"வாங்கண்ணாச்சி. நீங்க வந்துட்டீயல்லா, இனி எனக்குப் பயமில்ல" என்றாள் செண்பகவல்லி.

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"பூஜை அன்னைக்கு நான் வரவே இல்லண்ணாச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல்னு வள்ளியூர்ல கெடந்தேன். பதிவேட்டுல எம்பேரு எப்படி வந்துச்சுன்னே தெரியல. எழுத்து வேற முத்து முத்தா இருக்கு. எனக்குச் செத்தாலும் அப்படி எழுத வராது."

என் கையெழுத்தை யாராவது பாராட்டினால் எனக்கு உடனே சந்தோஷம் வந்துவிடும். அன்றும் வந்தது. அரை நொடி இருந்துவிட்டு அவமானப்பட்டுப் போய்விட்டது.

"ஆறு மணிக்கு எம் மவ பூரணிக்குப் பள்ளிக்கூடத்துல டான்ஸ் அண்ணாச்சி. ரெட்டைச் சடை பின்னணும்னு காலையிலிருந்து போன் மேல போன். வண்டியா ஆயிட்டா தலை பின்ன முடியாதுல்லா?"

"கஷ்டம்தான். ஸ்டியரிங்ல பிடி கிடைக்காது."

"அதான் சொல்லுதேன்."

தேவசகாயம் சார் ஒரு நீளமான படிவத்தோடு வந்தார். நான் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சோதிக்க அவர் டிக் அடிக்க வேண்டும். "ஆரம்பியும்" என்றார். செண்பகவல்லி சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்தாள்.

டக்.

வண்டி நகரவில்லை.

'டக்' கேட்டும் வண்டி நகராவிட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதலில் சாலினாய்டைத்தான் திறப்பான். நான் ஹார்னிலிருந்து ஆரம்பித்தேன்.

ஹார்னை அடித்தேன். "ஹார்ன், நல்ல நிலை" என்று சார் டிக் அடித்தார்.

"வண்டி ஓடலன்னா ஹார்னை எதுக்குவே பாக்கீரு?" என்றார் பயணி. தாடிக்குள் குருவியும் அதையே கேட்டது.

"எதையும் விடக்கூடாது" என்றேன்.

"அனுபவம்" என்றார் சார், பயபக்தியோடு.

என் சிக்கல் இதுதான். பழுதைக் கண்டுபிடிக்காவிட்டால், கடைசியாகத் தொட்டவள் என்று செண்பகவல்லி வண்டியாவாள். கண்டுபிடித்தால், பொட்டு வைத்தவள் என்று செண்பகவல்லி வண்டியாவாள். எனக்கு வேண்டியது வேறொரு பழுது. எலி கடித்த வயர் ஒன்று கிடைத்தால் போதும். எலி எந்தப் பதிவேட்டிலும் பெயரெழுதுவதில்லை.

சீட்டைத் தூக்கினேன். எட்டு பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஆறு வோல்ட். சாலினாய்டு இருந்த மூலையில் என் துண்டை எதேச்சையாகப் போட்டேன்.

முதல் பேட்டரியில் தண்ணீர் அளவு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதின் மூடியைத் திறந்தேன். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு போனான். மூடிவிட்டேன். நான்காவதின் டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தது. வழக்கமாக வெந்நீரும் ஆப்ப சோடாவும் போட்டுத் தேய்ப்போம். இது ஐந்து இதழோடு மணமாகப் பூத்திருந்ததால் பறித்துச் செண்பகவல்லியிடம் கொடுத்தேன். "பூரணிக்கு ஆவும்" என்று கர்சீப்பில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

எட்டும் சேர்ந்து நாற்பத்தெட்டு வோல்ட்டுக்குமேல் காட்டியது. "பேட்டரி, நல்ல நிலை." பியூஸ் சரி. சாவி சுவிட்ச் சரி. முன்னே பின்னே போகிற சுவிட்ச் சரி. பெடலுக்குக் கீழே உள்ள சின்ன சுவிட்ச் சரி. எல்லாம் சரி. இவ்வளவு ஆரோக்கியமான வண்டியை நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு இடத்தைத் தவிர.

"அந்தத் துண்டுக்குக் கீழ என்ன?" என்றார் பயணி.

"துண்டோட நெழலு."

பேட்டரியிலிருந்து ஒரு கருப்பு கேபிள் புறப்பட்டது. இரண்டடியில் மோட்டாருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வண்டியைவிட்டு இறங்கி நடைமேடையில் ஓடியது. எனக்கு உயிர் வந்தது. வழியில் எங்கேயாவது எலி கடித்திருக்கும்.

டெஸ்ட் லேம்பைப் பிடித்துக்கொண்டு கேபிளின் பின்னால் போனேன். அது டிக்கெட் கவுண்டர் வழியாகப் போனது. பார்சல் ஆபீஸ் வழியாகப் போனது. ஒரு நீள வராந்தாவில் நுழைந்தது. நான் நடக்க நடக்க வராந்தா நீண்டது. சுவரெங்கும் ஆயுத பூஜைப் பதிவேடுகள் திறந்து கிடந்தன. எல்லாப் பக்கத்திலும் என் முத்து முத்தான எழுத்து. பார்க்காமல் நடந்தேன். வராந்தா முடிந்த இடத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி இருந்தது.

கேபிளில் கோமதி என் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தன நேரமா?" என்றாள்.

"கேபிளை எலி கடிச்சிருக்கான்னு பாக்க வந்தேன்."

"இது நல்லாத்தான் இருக்கு. கடிச்சது வேற ஆளு." வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இந்தக் காலணா பொரிக்கு உங்களுக்கு ஒரு பொம்பள பேரு தேவப்பட்டுருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்பது நாளா வேட்டிய அலசுதேன். ஒம்பது நாளா வந்துட்டே இருக்கு."

எட்டிப் பார்த்தேன். மாடி மூலையில் பொரி குவிந்து கிடந்தது. காக்கைகள் அதைத் தொடாமல் தள்ளி நின்றன.

"போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

"சொன்னா நான் வண்டியாயிருவேன் கோமதி."

"இப்ப மட்டும் என்னவா இருக்கீய?"

ஈர வேட்டியை உதறினாள். அந்த உதறலில் நான் மறுபடி நடைமேடையில் நின்றேன். மணி நாலே முக்கால்.

எலி கடித்த வயர் இல்லை. அப்படியானால் உண்டாக்க வேண்டியதுதான். சார் குனிந்து டிக் அடிக்கும் நேரம் பார்த்து விளக்குக்குப் போகும் ஒரு மஞ்சள் வயரை எடுத்து நானே கடித்தேன். வயர் விடவில்லை. என் மேல் பல் செட் கழன்று வயரோடு நின்றுவிட்டது.

சார் நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"எலி" என்றேன். பல் இல்லாததால் அது வேறு மாதிரி வந்தது.

"எலிக்கு இம்புட்டு வரிசையான பல்லா?"

"கவர்மெண்டு எலியா இருக்கும்" என்றார் பயணி.

சார் படிவத்தின் மேல் குனிந்தார். படிவத்தில் எலி என்று ஒரு கட்டம் இருந்தது. பல் செட் என்று இல்லை. பேனாவை எலிக்கு மேல் கொண்டுபோனார். உலகத்திலுள்ள எல்லா எலிகளிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"ஆனா விளக்கு எரியுதே" என்று பேனாவை எடுத்துவிட்டார்.

அப்போது பீப் பீப் என்று சத்தம் கேட்டது.

செண்பகவல்லி தண்ணீர் குடிப்பதற்காக வண்டியிலிருந்து இறங்கி இரண்டடி பின்னால் வைத்திருந்தாள். சத்தம் அவளிடமிருந்து வந்தது. இன்னோர் அடி பின்னால் வைத்தாள். பீப். நின்றுவிட்டாள். மணி ஐந்தாக நாலு நிமிஷம் இருந்தது.

"அண்ணாச்சி, முட்டிக்குக் கீழ ரப்பரா இருக்கு" என்றாள். பயப்படாமல்தான் சொன்னாள். அவள் காக்கிக் கோட்டின் முதுகில் 'ஆறு பேர் மட்டும்' என்ற எழுத்து மெதுவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். "எம்மா, எப்பம்மா வருவே? டீச்சர் வையுதாங்க" என்று பூரணியின் குரல் எல்லாருக்கும் கேட்டது. செண்பகவல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

டக்.

"எம்மா?"

டக்.

என் துண்டை எடுத்தேன். சாலினாய்டின் மூடியைக் கழற்றினேன். தகட்டின்மேல் பொட்டு அப்படியே இருந்தது. நடுவில் குங்குமம் கலையாமல் அத்தனை அழகாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஓடு மாதிரி உடைந்து விழுந்தது.

"நான் வச்சது சார். பேரை எழுதுனதும் நான்தான்."

"எதுக்கு?"

"பொரிக்கு."

சார் அதிர்ச்சி அடையவில்லை. படிவத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் பொரி என்று அச்சடித்த கட்டம் இருந்தது. அத்தனை நேரமும் இருந்திருக்கிறது.

"எத்தன பாக்கெட்?"

தூரத்தில் எடை இயந்திரத்தின் பல்புகள் எல்லாம் சுற்றுவதை நிறுத்தின.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் ஒரே நாளில் எத்தனைதான் சொல்வான் என்று நினைத்தேன். அட்டை சட்டைப் பையில் சூடாக இருந்தது.

"ஒண்ணுதான் சார்."

"வேற ஏதும் இருக்கா?"

"இல்ல சார்."

"இருநூறு கிராம்" என்று எழுதிக்கொண்டார். பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு வழக்கம்போல் எரிந்தன.

செண்பகவல்லிக்குக் குரல் வந்துவிட்டது. முட்டியைத் தடவிப் பார்த்தாள். சேலையை உதறினாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வயிறு நிறையத் திட்டு வாங்கினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"கேட்டிருந்தா நானே ஒரு பாக்கெட் வாங்கித் தந்திருப்பேன்லா" என்றாள். நான்காம் எண் வண்டியில் ஏறிப் பெடலை மிதித்தாள். டக். வண்டி பாய்ந்தது. பயணி பின்னால் சாய்ந்தார். குருவி இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. நடைமேடை சுருட்டிய பாய் மாதிரி அவளுக்கு முன்னால் சுருங்கியது. பூரணிக்கு ரெட்டைச் சடை பின்னி, பச்சைப் பூவும் வைத்தாளாம். டான்ஸ் நன்றாக நடந்ததாம்.

எனக்கு முட்டிதான் முதலில் மாறியது. வலி போய்விட்டது. இருபது வருஷ வலி. சார் என் காதில் சார்ஜரைச் செருகினார். இதமாக இருந்தது. சர்க்கரை இருநூற்று எண்பது இருந்ததால் எனக்கு ஒரு சார்ஜ் நாலு நாள் நின்றது. ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு பேரையும் ஒரு ஆட்டையும் இழுத்திருக்கிறேன். மறுநாள் செண்பகவல்லியை எனக்கு டிரைவராகப் போட்டார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். ஏறி நசுக்கினேன். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். ஒன்றே ஒன்று. மூடி எதையும் கழற்றவில்லை.

கோமதி சாயங்காலம் வந்து பின்சீட்டில் உட்காருவாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவாள். "சீட்டு கொஞ்சம் மெலிஞ்சுட்டு" என்பாள். இறங்கிப் போய்விடுவாள்.

மூன்று வாரம் ஓர் இடத்தில்கூட நான் நிற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். எடை இயந்திரத்தின்மேல் ஏறி நின்றாள். அட்டை விழுந்தது. வாசித்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். இயந்திரத்தின் கண்ணாடியை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டாள். நான் அந்த வழியாக வந்துகொண்டிருந்தேன்.

"ஏறுங்கக்கா, வாசல் வரைக்கும் விடுதேன்" என்றாள் செண்பகவல்லி.

பேச்சியம்மாள் என் நடுசீட்டில் உட்கார்ந்தாள். கனமே இல்லை. செண்பகவல்லி பெடலை மிதித்தாள்.

டக்.

நான் நகரவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். உள்ளே தகடு உட்கார்ந்தது. கரண்டு வந்தது. ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது.

செண்பகவல்லி முதலிலேயே சாலினாய்டைத் திறந்தாள். அவளுக்கு அனுபவம் வந்துவிட்டது. உள்ளே பளபளவென்று இருந்தது. பொட்டு இல்லை, தூசி இல்லை. பேட்டரியைப் பார்த்தாள். பியூஸைப் பார்த்தாள். கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனாள். எல்லாம் சரி. "ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி, ஏன் நிக்கீய?" என்று என் ஸ்டியரிங்கைத் தட்டிக் கேட்டாள்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். மணி நாலரை. நடைமேடை மறுபடி நாலு கிலோமீட்டர் நீண்டுவிட்டது. காலையில் என்னைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டில் கடைசியாகப் பெயரெழுதியவள் செண்பகவல்லி. இந்த முறை அவள் கையெழுத்துதான். கோணல்மாணலாக இருக்கிறது. இப்போது பற்றாக்குறை, ஒரு குடிதண்ணீர்க் குழாய். அவள் விரல் நுனியில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்துவிட்டது. தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி முதல் பேட்டரியிலிருந்து பார்க்கிறாள்.

தேவசகாயம் சார் பக்கத்தில் படிவத்தோடு நிற்கிறார். சற்றுமுன் எடை இயந்திரம் தானாக ஓர் அட்டையைப் போட்டது. அவர் எடுத்து வாசித்தார்.

'எடை 412 கிலோ. அதில் பொரி 200 கிராம்.'

"பயணிக சீட்டுல சிந்தியிருப்பாவ. தூத்து விடும்மா" என்றார். செண்பகவல்லி என் சீட்டையெல்லாம் தூக்கி, நடுசீட்டைப் பேச்சியம்மாளோடு சேர்த்தே தூக்கி, சுத்தமாகப் பெருக்கினாள். ஒரு பொரிகூட இல்லை.

எனக்குப் பழுது எங்கே என்று தெரியும். அது மாடசாமி பெயருக்குக் கீழே இருக்கிறது. சொல்லிவிடத் தயாராக இருக்கிறேன். பேச்சியம்மாள் இன்னும் இறங்காமல் நடுசீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமே சொல்லிவிடலாம். வாய் மட்டும் இல்லை.

இருப்பதைக் கொண்டு சொன்னேன். என் எட்டு பேட்டரியிலும் உள்ளதைத் திரட்டி, தண்டவாளம் அதிர, ஹார்ன் அடித்தேன்.

தேவசகாயம் சார் நிமிர்ந்தார். படிவத்தில் தேடினார். "ஹார்ன், நல்ல நிலை" என்று டிக் அடித்தார்.

மறுபடி அடித்தேன்.

'மிக நல்ல நிலை' என்று திருத்தினார்.